எல்லைக்கல்லில் பொங்கிய மாவு

முதல் சாண்ணாவைப் பிட்டு மீன்குழம்பில் தோய்த்து வாயில் போட்டபோதே எனக்குத் தோன்றிவிட்டது, இதை ஓசூரில் செய்து விற்க வேண்டும் என்று. விழுங்கி முடிப்பதற்குள் கடை எந்தத் தெருவில், எத்தனை பெஞ்சு, பெயர்ப்பலகைக்கு என்ன வண்ணம் என்பது வரைக்கும் போய்விட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த மாமா, என் அக்காள் வீட்டுக்காரர், "என்னா மாப்ள, முள்ளு மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

சாண்ணா என்பது மங்களூர்ப் பக்கத்துக்காரர்கள் மீனோடு தின்னும் ஒரு பலகாரம். பார்த்தால் இட்லிதான். கையில் எடுத்தால் பஞ்சு. வாயில் லேசாக ஓர் இனிப்பும், அதன் பின்னாலேயே ஒரு புளிப்பும் வரும். எங்கள் வீட்டு இட்லி குழம்பில் விழுந்தால் அப்படியே கிடக்கும். இது குழம்பை உறிஞ்சிக்கொண்டு நிறம் மாறி எழுந்து வந்தது.

அந்தக் கடை அத்திப்பள்ளியில், பெங்களூர் ரோட்டோரம் இருந்தது. கடற்கரையிலிருந்து பிழைக்க வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும் நடத்தினார்கள். முன்னறை பார். அங்கே பாட்டில்களுக்கு நடுவில் புருஷன் அதிகம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். பின்னறை சாப்பாட்டுக்கு. அது முழுக்க அந்த அம்மாளின் அதிகாரம். சுவரில் பாதி உயரம் வரை நீலம் அடித்து, அதற்கு மேல் ஒரு பழைய படகுத் துடுப்பை மாட்டியிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த நீலம் நம் கழுத்து வரை வரும். கடலுக்கு அங்கிருந்து மலை இறங்கி ஒரு முழு நாள் போக வேண்டும். நானோ மாமாவோ கடலைக் கண்ணால் கண்டதில்லை. எங்களுக்கு மீன் என்றால் ஏரிக் கெண்டை, அதுவும் இல்லாவிட்டால் சந்தைக் கருவாடு. இங்கேயோ உமியும் பனிக்கட்டியும் போட்ட மரப்பெட்டியில் லாரி ஏறி வந்த அயிலை மீன், மிளகாய் விழுது பூசிக்கொண்டு, தோல் முறுகி, கல்லிலிருந்து நேரே இலைக்கு வந்தது. நண்டு வைத்தபோது எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்று தெரியாமல் நான் அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "படிச்ச தம்பிக்கு ஸ்கூல்ல நண்டுப் பாடம் வெக்கலையா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாளே ஓட்டை உடைத்துக் கொடுத்தார்.

இதையெல்லாம் நிம்மதியாகச் சாப்பிட முடிந்ததா என்றால், முடியவில்லை. எங்கள் சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு. மைசூர் ராஜ்யத்தில் கடை திறந்து கிடந்தது. எல்லையில் ஜூஜூவாடி அருகே போலீஸ் சாவடி. அந்தப் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்தி ஆளை மோந்து பார்ப்பார்கள். பாட்டிலில் கொண்டுவந்தால்தான் கேஸ் என்றில்லை, வயிற்றில் கொண்டுவந்தாலும் கேஸ்தான். சாப்பாட்டு அறைக்குப் போக பார் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், ஓசூர் முகம் ஏதாவது அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் ஒவ்வொரு தடவையும் உள்ளே காலை வைப்பேன்.

மாமாவுக்கு அந்தக் கவலை கிடையாது. அவர் ராயக்கோட்டைச் சந்தையில் காய்கறி எடுத்து பெங்களூர் மார்க்கெட்டுக்கு லாரியில் அனுப்புகிறவர். வாரத்தில் இரண்டு நாள் கூடவே போய் இறக்கிவிட்டு, பஸ்ஸில் திரும்பும்போது அத்திப்பள்ளியில் இறங்கி ஒரு கிளாஸ் பிராந்தியும் ஒரு மீனும் சாப்பிடுவார். அவரைப் போன்றவர்களுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. எல்லைக்கு அரை மைல் முன்னால் ரோட்டோரம் ஓர் அரசமரம். குடித்தவர்கள் அதன் கீழே உட்கார்ந்து, வாசம் போகும் வரை காத்திருந்து, அப்புறம்தான் பஸ் ஏறுவார்கள். அதற்குப் பெயரே 'ஆறுற மரம்'. சீட்டாடுவார்கள், தூங்குவார்கள், வெற்றிலை போடுவார்கள். ஒரு கிளாசுக்கு இரண்டு மணி நேரம் என்பது மாமாவின் விதி.

நான் குடிப்பதில்லை. அதை ஒழுக்கம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், பயம்தான் காரணம். பாகலூர்ப் பக்கம் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த வீடு எங்களுடையது. அதில் இண்டர்மீடியட் வரை படித்தவன் நான் ஒருவன். சர்க்கார் முத்திரை விழுந்த காகிதம் ஒன்று எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தது அந்த வருஷம்தான். ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகத் திங்கட்கிழமை காலை சேர வேண்டும் என்று உத்தரவு. சேரும்போது ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதில் கையெழுத்துப் போடக்கூடிய அதிகாரி ஓசூரில் ஒரே ஒருவர். வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேல் வா, நாலு மணிக்கு ஜீப் ஏறி வெளியூர்க் காம்ப் போய்விடுவேன், திங்கள் இரவுதான் திரும்புவேன் என்று சொல்லியிருந்தார். அந்தக் கையெழுத்து இல்லாமல் போனால் இடம் அடுத்த ஆளுக்கு. ஒரு மதுவிலக்குக் கேஸ் விழுந்தால் இந்த இடம் மட்டுமல்ல, எந்த இடமும் கிடையாது.

இவ்வளவும் தெரிந்து அதே வியாழக்கிழமை காலையில் நான் ஏன் அத்திப்பள்ளிக்குப் போனேன் என்று அக்காள் இன்றைக்கும் கேட்கிறாள்.

மாவுக்காகப் போனேன். அக்காள் வீட்டில் இரண்டு தடவை சாண்ணா செய்து பார்த்திருந்தேன். சோடா உப்புப் போட்டது மஞ்சளாகப் போனது. போடாதது சுவரில் அடித்தால் சுண்ணாம்பு உதிரும். எதனால் அது அவ்வளவு மெத்தென்று வருகிறது என்று அந்த அம்மாளைக் கேட்டால், "எங்க ஊர் கடல் காத்து" என்று சிரிப்பார். என் நச்சரிப்புத் தாங்காமல் கடைசியில், வியாழக்கிழமை வா, புளித்த மாவில் கொஞ்சம் தருகிறேன், உன் மாவில் கலந்து பார் என்று சொல்லிவிட்டார். திங்களிலிருந்து பள்ளிக்கூடம். அப்புறம் எனக்கு வியாழக்கிழமை என்று ஒன்று கிடைக்காது. காலையில் போய், சாப்பிட்டு, மாவை வாங்கிக்கொண்டு இரண்டு மணிக்கெல்லாம் ஓசூர் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சட்டைப் பையில் உத்தரவும் சான்றிதழ்ப் பாரமும் இருந்தன. கையில் அக்காளின் மூன்றடுக்குப் பித்தளைத் தூக்கு.

அன்றைக்கு எட்டு சாண்ணா சாப்பிட்டேன். அந்த அம்மாள் தூக்கின் அடி அடுக்கில் முக்கால் பாகம் மாவை ஊற்றி, மேல் இரண்டு அடுக்கையும் பொருத்திக் கம்பியை மாட்டி என் கையில் கொடுத்துவிட்டு, "நோடு, இத பாரு தம்பி, வெயில்ல வெக்காதே. உள்ள கள்ளு இருக்கு, பொங்கிடும்" என்றார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் உள்ளே போய்விட்டார். ஈச்சமரத்துக் கள்ளை ஊற்றித்தான் அந்த மாவைப் புளிக்க வைக்கிறார்கள். அவர்கள் ஊரில் அது தென்னங்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவருக்கு அது ரகசியம்கூட இல்லை, உப்புப் போடுகிற மாதிரி ஒரு காரியம். எனக்கோ வயிற்றில் எட்டு, கையில் ஒரு அடுக்கு.

அந்த நிமிஷமே தூக்கைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இத்தனை மாவில் ஒரு கரண்டிக் கள் இருந்தால் அதற்குப் பேர் கள்ளா, மாவா என்று எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு மாமாவின் பின்னால் நடந்தேன். பெங்களூரில் காய்கறியை இறக்கிவிட்டு வந்திருந்த அவர் வழக்கம்போல் தன் கிளாசை முடித்திருந்தார். வழக்கம்போல் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். நீ குடிக்காதவன்தானே, வருகிற பஸ்ஸில் போ, வேலையைப் பார் என்றார்.

நான் போகவில்லை. ஒரு பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது, அதுவும் போனது. உள்ளங்கையைக் குவித்து ஊதி ஊதி மோந்து பார்த்தேன். மீன் வாசம் வந்தது. அதற்குக் கீழே வேறு ஏதோ வருகிற மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. மாமாவின் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றே முக்கால். இரண்டு. எட்டு சாண்ணாவுக்கு எத்தனை மணி நேரம் என்று அவருடைய விதியில் இல்லை.

மாமா ஒரு கண்ணைத் திறந்தார். "குடிச்சவன் நானு. முழிக்கறவன் நீயா?"

சொல்லிவிட்டேன். அவர் எழுந்து உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்து, பக்கத்தில் படுத்திருந்த முன்பின் தெரியாத ஆளையும் எழுப்பிச் சொல்லிச் சிரித்தார். "அப்ப நீயும் எங்க கட்சிதான். துண்ட விரி." அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு, மாவை இங்கேயே கொட்டிவிட்டுப் போ என்றார். ஒரு கரண்டிதான் என்று என் வாதத்தை எடுத்தேன். "அத ஏட்டுகிட்ட சொல்லு. கரண்டியப் போட்டு அளந்து விடுவாரு" என்றார்.

கொட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு தடவை அது என் கைக்குக் கிடைக்கப் போவதில்லை. தூக்கை நிழலில் வைத்தேன். நிழல் நகர்ந்தது, தூக்கையும் நகர்த்தினேன். தொட்டால் பித்தளை சுட்டது. இரண்டரை ஆனதும் இனித் தாங்காது என்று எழுந்துவிட்டேன். மாமா மடியிலிருந்து மூன்று சின்ன வெங்காயம் எடுத்துக் கொடுத்தார். "நல்லா மென்னு, வாயில வெச்சிக்க. இதுக்கு மேல எந்த வாசமும் நிக்காது." கண்ணில் நீர் வழிய மூன்றையும் மென்றுகொண்டு பஸ் ஏறினேன்.

சாவடியில் பஸ் நின்றது. ஏட்டு ஏறினார். தொப்பையும் இல்லாத, மீசையும் இல்லாத, கணக்கு வாத்தியார் மாதிரியான மனிதர். யாரையும் ஊதச் சொல்லவில்லை. படியில் நின்றபடியே மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, "வெங்காயம் தின்னவங்க மட்டும் எறங்குங்க" என்றார்.

நான் ஒருவன்தான் இறங்கினேன்.

பிராந்தி வாசத்தைத் தேடுவதை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. மரத்தடியில் இருப்பவர்கள் எல்லோரும் கண்டுபிடித்து வைத்திருந்த வைத்தியத்தை இவரும் கண்டுபிடித்திருந்தார். "சும்மா இருக்கறவன் மத்தியானத்துல எதுக்குப் பச்ச வெங்காயம் கடிக்கறான்? சொல்லு" என்றார். ஊதச் சொன்னார். ஊதினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் ஊதச் சொன்னார். குடித்தாயா என்றார். இல்லை என்றேன். பின் என்ன சாப்பிட்டாய் என்றார்.

மீன் சாப்பாடு என்று நிறுத்தியிருக்க வேண்டும். பயந்தால் எனக்குப் பேச்சு நிற்காது. அயிலை, நண்டு, சாண்ணா எட்டு, அதில் கள் ஊற்றுகிறார்கள், எனக்குத் தெரியாது, தெரிந்ததும் மரத்தடியில் உட்கார்ந்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே, இண்டர்மீடியட் ரசாயனப் பாடம் எங்கிருந்தோ வந்து வாயில் உட்கார்ந்தது. "கள்ளுல இருக்கற போதைச் சத்து தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடியே ஆவியாப் போயிடுங்க ஏட்டய்யா. சாண்ணா ஆவியில வேகறது. வெந்தப்புறம் அதுல ஒண்ணும் இருக்காதுங்க." ஒரு மணி நேரத்துக்கு மேல் மரத்தடியில் கிடந்து நடுங்கினேனே, அப்போது இது தோன்றவில்லை. இதையே பரீட்சையில் நாலு வரிப் பதிலாக எழுதியவன் நான்.

ஏட்டு கேட்டுக்கொண்டார். தலையைக்கூட ஆட்டினார். தப்பித்தேன் என்று நினைத்த நேரத்தில் அவர் பார்வை என் முகத்தை விட்டுக் கீழே இறங்கியது. நானும் குனிந்து பார்த்தேன். தூக்கின் அடி அடுக்குக்கும் நடு அடுக்குக்கும் இடையிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு வழிந்து, பித்தளையில் இறங்கி, என் செருப்பின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"சரி. வெந்ததுல இல்ல. இது வெந்ததா, வேகாததா?"

என் பாடத்தை அவர் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். இட்லி மாவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. அவர் விரலால் தொட்டு மோந்து பார்க்கப் போகிறார், பொய்யும் சேர்ந்தால் இரண்டு குற்றம் என்று பட்டது. "வேகாததுங்க" என்றேன்.

கண்டக்டர் விசிலடித்தார். பஸ் போய்விட்டது.

ஏட்டு கம்பியைக் கழற்றி அடுக்கைத் திறந்தார். முக்கால் பாகம் இருந்த மாவு விளிம்பைத் தாண்டிக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைப் பையில் தெரிந்த காகிதத்தை எடுக்கச் சொன்னார். உத்தரவை ஒரு வரி விடாமல் படித்தார். சான்றிதழ்ப் பாரத்தைப் படித்தார். சாவடிக்குள் சுவர்க் கடிகாரம் மூன்றடிக்கப் பத்து நிமிஷம் என்று காட்டியது. நான் அந்த முள்ளையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேஜையில் ஒரு பேனா மூடி திறந்து கிடந்தது.

"பதினோரு வருசமா பாட்டில்ல பாத்திருக்கறன், சைக்கிள் டியூபுல பாத்திருக்கறன், பூசணிக்காய்க்குள்ள பாத்திருக்கறன்" என்றார். "இத நான் என்னான்னு எழுதறது? மாவுன்னா, கள்ளுன்னா?"

அதற்குப் பதில் அவருக்கே தெரியவில்லை என்பதுதான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். பேனாவை மூடினார். கையை நீட்டிக் காட்டினார். "அந்தக் கல்லுக்கு அந்தாண்ட போ. கொட்டு. கழுவு. அப்பறம் இந்தாண்ட வா."

எல்லைக்கல் சாவடியிலிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பக்கம் போய் மைசூர் மண்ணில் குந்தி உட்கார்ந்து அடுக்கைக் கவிழ்த்தேன். அது தண்ணீர் மாதிரி விழவில்லை. ஒரே துண்டாக, முனகுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு சரிந்து விழுந்து, தரையிலும் பொங்கிக்கொண்டிருந்தது. அடுக்கின் அடியில் விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டால் வீட்டு மாவில் கலந்து உயிர் கொடுத்துவிடலாம். அந்த எண்ணம் வந்ததை நான் மறைக்க விரும்பவில்லை. ஏட்டு சாவடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் தண்ணீரில் மண் போட்டு மூன்று தடவை தேய்த்தேன்.

திரும்பி வந்ததும் அவர் அடுக்குக்குள் முகத்தையே விட்டு மோந்தார். போ என்றார். நாலடி போயிருப்பேன், கூப்பிட்டார். மனம் மாறிவிட்டாரோ என்று தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். "ஏன்டா, கள்ளு ஊத்தாம அந்தப் பஞ்சு வருமா?" என்றார்.

தெரியவில்லை, பார்க்க வேண்டும் என்றேன்.

"வந்தா சொல்லு. தின்னு பாக்கறன்." கொஞ்சம் நிறுத்தி, "மோந்தும் பாக்கறன்" என்றார்.

அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை. மூக்கண்டப்பள்ளி வரை ஓடினேன். அங்கே ஒரு பால்காரர் இரக்கப்பட்டு சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். காலிப் பால்கேன்கள் இரண்டு பக்கமும் இடிக்க, காலித் தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் வாசலில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. அதிகாரி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். நான் பாரத்தை நீட்டினேன். ஜீப்பின் மூக்கில் வைத்தே எழுதத் தொடங்கியவர், நான் பெயர் சொல்ல வாயைத் திறந்ததும் பின்னால் சாய்ந்தார். வெங்காயம். என் முகத்தையும் செருப்பில் காய்ந்திருந்த வெள்ளையையும் பார்த்தார். அந்தப் பார்வைக்குள் ஒரு முழு நாள் இருந்தது எனக்கு. 'நான் அறிந்த வரையில் நன்னடத்தை உள்ளவர்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தச் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். இது நடந்து நாலு மாதம் ஆகிறது.

கடை எண்ணம் போகவில்லை. கள்ளுக்குப் பதில் தேங்காய்த் தண்ணீரைப் புளிக்க வைத்து ஊற்றிப் பார்த்தேன். முதல் தடவை கல். இரண்டாவது தடவை பாதி எழுந்து, மூடியைத் திறந்ததும் உட்கார்ந்துவிட்டது. வீணாய்ப் போனதைத் தின்னக் கோழிகளே பழகிவிட்டன என்கிறாள் அக்காள். இந்தத் தடவை தேங்காய்த் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து ஒரு பகல் முழுக்க மூடி வைத்து, சனிக்கிழமை சாயந்திரம் மாவில் ஊற்றப் போகிறேன். ஞாயிறு காலையில் மாமா அத்திப்பள்ளி அம்மாளிடமிருந்து ஒரு பெட்டி அயிலை வாங்கிவருகிறார், அன்றைக்கு மட்டும் கிளாஸ் இல்லாமல் என்று அக்காளிடம் சத்தியம் செய்திருக்கிறார். ஏட்டைப் போய் அழைத்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்றார்.

வெல்லத் தண்ணீர் புளித்தால் அது என்னவாக மாறும் என்று என் ரசாயனப் பாடத்திலேயே இருக்கிறது. நேற்று எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். பதினோரு மணிக்கெல்லாம் அடுப்புப் பற்றவைத்து, ஏட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு கரண்டி மாவுகூட வேகாமல் மிச்சம் இருக்கக் கூடாது என்று அக்காளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.